பன், ம்னா, மன்

நேயர்களுக்கு வணக்கம். அயர்லாந்தில் ஒரு பப்பில் கழிப்பறையைத் தேடிப் போனேன். இரண்டு கதவு, படம் எதுவும் கிடையாது. ஒன்றில் எஃப்-ஐ-ஆர், இன்னொன்றில் எம்-என்-ஏ. எம் என்றால் மென், எஃப் என்றால் ஃபீமேல் என்று ஆங்கிலக் கணக்குப் போட்டு எம் கதவைத் தள்ளினேன், உள்ளேயிருந்து ஒரு அம்மா வெளியே வந்தார். என் பேரில் நிஜ எஃப்.ஐ.ஆர். விழாமல் தப்பித்தேன். அங்கத்திய ஐரிஷ் மொழியில் ஃபிர் என்றால் ஆண்கள், ம்னா என்றால் பெண்களாம்.

ஒரு பெண் என்றால் 'பன்', டீக்கடையில் கேட்கிற பன் மாதிரிதான், கிட்டத்தட்ட. பழைய ஐரிஷில் 'பென்'. உடனே "நம்ம பெண்தான்!" என்று வாட்ஸ்ஆப்பில் போட்டுவிடாதீர்கள். அந்த 'ப' ஆதியில் உதட்டைக் குவித்துச் சொல்கிற ஒரு 'க்வ'. ஐரிஷ் சேர்ந்த கெல்டிக் மொழிக் குடும்பத்தில் அது 'ப' ஆனது, கிரேக்கத்தில் 'கைனே' (கைனகாலஜி அதிலிருந்து வந்ததுதான்), ஆங்கிலத்தில் குயின், பாரசீகத்தில் 'ஜன்', சமஸ்கிருதத்தில் 'ஜனி'. நம் பெண்ணுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை, ஒலி ஒத்துப்போனது தற்செயல்.

சரி, பன் எப்படி ம்னா ஆயிற்று? பழங்காலத்திலேயே வேற்றுமை ஏறும்போது நடுவில் இருந்த உயிர் விழுந்துவிட்டது. 'ப்ன' என்று இரண்டு மெய் மோதிக்கொள்ள, பின்னால் இருந்த 'ன' முன்னதையும் மூக்குக்கு இழுத்து 'ம்ன' ஆக்கிவிட்டது. 'பெண்ணின்' என்றாலும் ம்னா, 'பெண்கள்' என்றாலும் ம்னா. தெற்கே மன்ஸ்டரில் அப்படி. மேற்கே கானக்ட்டிலும் வடக்கே அல்ஸ்டரிலும் 'ம்ரா' என்கிறார்கள், எழுத்து மட்டும் மாறாது.

நமக்கு உருபு வாலில் ஒட்டும், அவர்களுக்குத் தலையே மாறும். 'அந்தப் பெண்' என்றால் 'அன் வன்'. இதில் எனக்குப் பிடித்த கூத்து ஒன்று உண்டு: சின்னப்பெண்ணைக் குறிக்கிற 'கலீன்' இலக்கணப்படி ஆண்பால், 'ஈன்' விகுதியின் வேலை அது!

ஆங்கிலப் பேய்க்கதைகளில் வருகிற பான்ஷீ 'பன் ஷீ'தான், தேவதைகள் வாழ்கிற மேட்டுப் பெண். 1990இல் மேரி ராபின்சன் குடியரசுத் தலைவராகத் தேர்வானபோது, ஆங்கில உரைக்கு நடுவே 'ம்னா ந ஹேரன்', அயர்லாந்தின் பெண்கள், என்று சொன்னது இன்னும் பேசப்படுகிறது.

அப்புறம், 'பெண்களுடைய' என்பதற்கு 'ந மன்'. 1914இல் தொடங்கிய பெண்கள் படையின் பெயரே 'குமன் ந மன்'. கடைசிச் சொல்லை எழுதும்போது சின்ன எம், பெரிய பி. வாயில் வருவது எம் மட்டும்.