கணக்கு காட்டாதவன் பேரு குடத்துக்குள்ள போகாது

எல்லாருக்கும் வணக்கம். ஜனநாயகம்னாலே வெள்ளைக்காரன் கொண்டு வந்ததுதானேன்னு நம்மள்ல நிறைய பேரு நினைக்கறோம், அவங்க ஒரு தடவை காஞ்சிபுரம் பக்கத்துல இருக்கற உத்திரமேரூருக்குப் போய் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பாக்கணும். ஊர்ச் சபையோட வாரியங்களுக்கு ஆளை எப்படித் தேர்ந்தெடுக்கணும்னு சொல்ற, முதலாம் பராந்தக சோழன் காலத்து கல்வெட்டு அங்க இருக்கு, கி.பி. 919ல ஒண்ணு, அதுல சில விதிய மாத்தி 921ல இன்னொண்ணு.

ஊரை 30 குடும்பா பிரிச்சிருக்காங்க, குடும்புன்னா இப்ப நாம சொல்ற வார்டு. ஒவ்வொரு குடும்புலயும் தகுதி உள்ளவங்க பேரை ஓலையில எழுதி குடத்துல போட்டு, சபை மொத்தமும் பாக்கற மாதிரி தூக்கிக் காட்டி, விவரம் தெரியாத ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லுவாங்க. அந்த ஓலையை வாங்கறவர் அஞ்சு விரலையும் விரிச்சு உள்ளங்கையில வாங்கணும், ஏன்னா விரலை மடக்கினா ஓலையை மாத்திடலாம் பாருங்க! ஏரிக்கு, தோட்டத்துக்கு, பொன்னுக்குன்னு தனித்தனி வாரியம், பதவி 360 நாள்தான்.

ஆனா என்னை உலுக்கினது வேற ஒரு விதிங்க. வாரியத்துல இருந்துட்டு கணக்கு காட்டாம போனவன் பேரை குடத்துல போடக்கூடாது, அவன் மட்டுமில்ல, அவன் அப்பன், மகன், மாமன், மாப்பிள்ளை, சித்தி பெரியம்மா பிள்ளைங்க வரைக்கும் யாரும் கூடாதுன்னு உறவு உறவா எழுதி கல்லுல வெட்டி வெச்சிருக்காங்க. பினாமியா வந்து உக்காருவாங்கன்னு அன்னிக்கே தெரிஞ்சிருக்கு.

இதுல மறைக்கக்கூடாத ஒண்ணும் இருக்கு. இது பிராமணர்களோட சபை, வேதம் படிச்சிருக்கணும், வரி கட்டற சொந்த நிலம் இருக்கணும், வயசு 35லேர்ந்து 70க்குள்ள இருக்கணும், பொம்பளைங்களுக்கு இடமே இல்ல, அந்த நிலத்துல உழைச்சவனுக்கும் இல்ல. எல்லாருக்கும் ஓட்டுங்கறது நம்ம அரசியல் சட்டம் குடுத்தது, அதைக் கொண்டு போய் சோழன் கணக்குல எழுதினா அது தப்பு.

ஆனா குடத்துல ஓலை போடற பழக்கம் சோழருக்கும் முன்னாடியே இருந்திருக்கு. அகநானூறு 77ஆம் பாட்டுல மருதன் இளநாகனார் போர்க்களத்துல செத்துக் கிடக்கற வீரனோட குடலைக் கழுகு இழுக்கறதைச் சொல்றார், கயிறு கட்டின குடத்தோட முத்திரையைப் பாத்து உடைச்சு உள்ள இருக்கற ஓலையை ஆளுங்க வெளிய எடுப்பாங்களே, அந்த மாதிரி இழுக்குதாம். உவமைன்னா கேக்கறவனுக்கு ஏற்கெனவே தெரிஞ்சதைத்தானே சொல்லுவாங்க, அப்ப சங்க காலத்துலயே அந்தக் குடத்தையும் முத்திரையையும் ஓலையையும் பாத்துப் பழகின ஜனங்க இருந்திருக்காங்க.