கையைக் கட்டிக்கொண்டு கற்பிப்பது

நேயர்களுக்கு வணக்கம். பிசியோதெரபி மாணவர்கள் வகுப்பறையிலிருந்து மருத்துவமனை வார்டுக்கு வரும்போது, அவர்களுக்குப் பொறுப்பாக ஒரு மூத்தவர் நிற்பார். அவருடைய வேலையில் மிகக் கடினமானது எது என்று கேட்டால், தன் கையை அடக்கி வைப்பதுதான் என்பேன்.

முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை முடிந்தவரின் கால் எவ்வளவு மடங்குகிறது என்று ஒரு மாணவி அளக்கிறாள். மூட்டின் கோணத்தை அளக்கும், இரண்டு தண்டுகள் கொண்ட கோனியோமீட்டரின் மையம் தொடையெலும்பின் கீழ்முனையில், வெளிப்பக்க மேட்டில் இருக்க வேண்டும். ஒரு தண்டு இடுப்புப் பக்கத்து எலும்பு மேட்டையும், மற்றொன்று வெளிக் கணுக்காலையும் பார்த்திருக்க வேண்டும். அவளோ மையத்தை முழங்கால் சில்லருகே வைத்துவிட்டாள். கருவியைப் பிடுங்கி நாமே வைத்தால் வேலை நொடியில் முடியும். நோயாளி முன்னால் அவள் முகம் சுண்டிப்போவதுதான் மிச்சம். "எந்த எலும்பைத் தொட்டுப் பார்த்து வைத்தாய்?" என்று மட்டும் கேளுங்கள். விரல் தானாக மேட்டைத் தேடிப் போகும். இன்னொரு முறை அளக்கச் சொல்லுங்கள். இரண்டு அளவும் ஐந்து பாகை மாறி வந்தால், நேற்றைக்கும் இன்றைக்கும் இடையே குறிப்பேட்டில் உள்ள ஐந்து பாகை உண்மையான முன்னேற்றம்தானா என்று அவளே சந்தேகப்படத் தொடங்குவாள். அந்தச் சந்தேகத்தை எந்தப் பாடநூலாலும் ஊட்ட முடியாது.

கேள்வி என்றதும் சிலர் நோயாளியின் கட்டிலருகிலேயே குறுக்கு விசாரணையை ஆரம்பித்துவிடுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் கற்றோம் என்பார்கள். அதனால் என்ன? கேட்பதை வார்டுக்குள் நுழையும் முன்பே கேட்டுவிடலாம்: இவரிடம் என்ன எதிர்பார்க்கிறாய், எதைக் கண்டால் சிகிச்சையை நிறுத்துவாய்? இரண்டாவதற்குப் பதில் வராவிட்டால் உள்ளே போக வேண்டாம்.

கையை நீட்டியே ஆக வேண்டிய இடமும் உண்டு. பல நாள் படுத்திருந்தவர் முதல்முறை எழுந்து நிற்கும்போது, மூன்று நிமிடங்களுக்குள் இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 20 அலகோ கீழ் அளவு 10 அலகோ சரியக்கூடும். மாணவன் காலைப் பார்த்துக்கொண்டிருப்பான்; மூத்தவர் முகத்தைப் பார்க்க வேண்டும். முகம் வெளிறினால் கேள்வி எல்லாம் பிறகு, முதலில் உட்கார வையுங்கள். பக்கவாதம் வந்தவரை, செயலிழந்த கையைப் பிடித்து இழுத்து மாணவன் எழுப்பப் போனாலும் உடனே தடுக்க வேண்டும். அந்தத் தோள் தாங்காது.

பாராட்டுவதிலும் கஞ்சத்தனம் வேண்டாம், ஆனால் "நன்றாகச் செய்தாய்" என்பதில் ஒன்றும் இல்லை. "கட்டிலின் உயரத்தைக் கூட்டிவிட்டு எழுப்பினாய், அதனால்தான் அவரால் சுலபமாக எழ முடிந்தது" என்றால் மறுநாளும் கூட்டுவான்.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும். நாமே செய்தால் நொடியில் முடிவது, மாணவர் செய்தால் கால் மணி நேரம் ஆகும். மூத்தவரிடம் வழக்கமான நோயாளிப் பட்டியலையும் கொடுத்து மாணவரையும் ஒப்படைத்தால், அவர் கருவியைப் பிடுங்கத்தான் செய்வார். மருத்துவமனை நிர்வாகிகள் யாரேனும் கேட்டுக்கொண்டிருந்தால், பயிற்சியின் முதல் சில வாரங்களிலாவது அந்தப் பட்டியலைக் குறைத்துக் கொடுங்கள். நன்றி, வணக்கம்.