ஐந்தாவது முடித்தபிறகு

வணக்கம் நேயர்களே. வட சென்னையில் ஒரு மாநகராட்சி நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் சில வருடங்கள் உட்கார்ந்திருந்தவன் என்பதால் என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். நிஜமாகவே உட்கார்ந்துதான் இருந்தேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில், முழங்கால் நெஞ்சில் இடிக்க, வெள்ளிக்கிழமை மத்தியானங்களில்.

சட்டப்படி குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். அத்தனை பேரும் ஒன்றாக வந்த நாள் குறைவு. வீட்டுவேலைக்கும் சித்தாள் வேலைக்கும் போகிறவர்கள் மூன்று மணிக்கு எப்படி வருவார்கள்? ஆனால் வந்தவர்கள் போட்ட சண்டை சாதாரணமில்லை. ஐந்தாவது முடித்த பிள்ளைகள் டி.சி. வாங்கிக்கொண்டு போகிறார்கள், ஆறாவதுக்கு இங்கேயே இருக்கவைக்க என்ன செய்வது என்பதுதான் விவகாரம்.

ஆட்டோ ஓட்டும் ஒருவர் ஒரே பிடியாக நின்றார். "இங்கிலீஷ் மீடியம் போடுங்க சார், தானா வருவாங்க." 2012-13லேயே அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவு தொடங்கினார்கள், எங்களுக்குத் தாமதமாக வந்தது. வந்தபிறகு ஒரு நாள் ஏழாம் வகுப்பை எட்டிப் பார்த்தேன். கரும்பலகையின் நடுவில் மேலிருந்து கீழே சாக்பீஸ் கோடு. இந்தப் பக்கம் 'ஒளிச்சேர்க்கை', அந்தப் பக்கம் அதுவே ஆங்கிலத்தில். ஒரே டீச்சர், ஒரே அறை. இடப்பக்கம் உட்கார்ந்தவன் தமிழ் வழி, வலப்பக்கம் ஆங்கில வழி. அவர் ஒரு வரியைத் தமிழில் சொல்லி, திரும்பி ஆங்கிலத்தில் சொல்லி, மணி அடிப்பதற்குள் பாதிப் பாடம்தான் முடிந்தது.

பூ கட்டி விற்கும் ஓர் அக்கா அடுத்த கூட்டத்தில் கேட்டார்: "போர்டுல இங்கிலீஷ் மீடியம்னு போட்டீங்க. டீச்சர எங்க போட்டீங்க?"

பதில் சட்டத்தில் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. கணக்கு-அறிவியலுக்கு ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிக்கு ஒருவர் கட்டாயம். தலையைத்தான் எண்ணுவார்கள், வழியை எண்ண மாட்டார்கள். எங்களிடம் அந்த மூன்று வகுப்பிலும் சேர்த்து எண்பது சொச்சம் பிள்ளைகள். இரண்டு வழியாகப் பிரித்தாலும் மூன்று ஆசிரியர்கள்தான்.

எனக்கு அக்காவின் பக்கம்தான் நியாயமாகப் பட்டது. ஆனால் ஒன்றையும் மறைக்கக் கூடாது. என் மூத்த பெண்ணை ஆறாவதில் டி.சி. வாங்கித் தனியார் பள்ளியில் சேர்த்தவன் நான். சின்னவன் மட்டும்தான் இங்கே படித்தான். ஆட்டோக்காரர் அதைச் சபையில் சொல்லிக்காட்டினார். வாயை மூடிக்கொண்டேன்.

அப்புறம் புதிதாகச் சில பெற்றோர் வந்து சேர்ந்தார்கள். 2020இல் மருத்துவ இடங்களில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. 2022இல் உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம். இரண்டுக்குமே அப்போது பொதுவாக ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டியிருந்தது. அதனால் ஐந்தாவது வரை மெட்ரிக்குலேஷனில் படிக்கவைத்துவிட்டு ஆறாவதுக்கு எங்களிடம் வந்தவர்கள் உண்டு. அது கெட்டிக்காரத்தனம், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முதல் கூட்டத்திலேயே ஸ்மார்ட் போர்டு, ஸ்போக்கன் இங்கிலீஷ், டைரி என்று பட்டியல் வாசித்தால், ஐந்து வருடமாகக் கழிப்பறைத் தண்ணீருக்கு மனு எழுதிக்கொண்டிருக்கும் பழைய பெற்றோருக்கு எரிச்சல் வருமா வராதா? "அஞ்சு வருஷம் அங்க படிச்சிட்டு, இங்க வந்து சட்டம் பேசறாங்க" என்று ஒரு பாட்டி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தார்.

பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இன்னொரு கோரிக்கை: பள்ளியை உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்த வேண்டும். இல்லாவிட்டால் எட்டாவது முடித்ததும் லாரி ஓடும் ரோட்டைத் தாண்டிப் போகவேண்டும். பையன்களைப் பெற்றவர்கள் அதில் அக்கறை காட்டவில்லை.

காலைச் சிற்றுண்டித் திட்டம் 2022இல் தொடங்கியபோது ஒன்று முதல் ஐந்து வரைதான். கோடை விடுமுறைக்கு முன் உப்புமா சாப்பிட்ட பிள்ளை, ஜூனில் ஆறாவதுக்கு வந்ததும் தம்பி தட்டைப் பார்த்துக்கொண்டு வராந்தாவில் நிற்கும். ஆறு, ஏழு, எட்டுக்கும் சிற்றுண்டி கேட்டுத் தீர்மானம் எழுதினோம். ஆட்டோக்காரர், பூக்கார அக்கா, புதிதாக வந்தவர்கள், அந்தப் பாட்டியின் கைநாட்டு. தீர்மானப் புத்தகத்தில் ஒரு பெயர்கூட விடுபடாத பக்கம் அது ஒன்றுதான்.