இசைத்தட்டுப் பிளேயருக்கு எதை வாங்குவது, எதை விடுவது

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

பரணில் கிடந்த இசைத்தட்டுப் பிளேயரைத் திரும்ப இயக்கியவர்கள், இதற்கு இன்னும் என்ன வாங்கிப் போடலாம் என்று கேட்கிறார்கள். ஊசி தட்டைத் தொடுகிற இடத்துக்குக் காசைக் கொடுங்கள். அங்கிருந்து விலக விலக, கொடுக்கும் காசுக்குக் காதில் கிடைப்பது குறையும்.

ஆகவே முதலில் ஊசி. சாதாரண வைர ஊசி 500 மணித்தியாலம் ஓடியதும் சந்தேகப்பட வேண்டும். தேய்ந்த ஊசியின் முனை உளிபோலத் தட்டையாகி, பள்ளத்தின் சுவரைச் செதுக்கிவிடும். அந்தச் சேதத்தை எந்தக் கழுவலும் திருத்தாது. எத்தனை மணித்தியாலம் ஓடியதென்று தெரியாத பழைய ஊசியை யோசிக்காமல் மாற்றுங்கள். நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய தட்டுக்கு ஊசி வேறு. அதன் முனை ஆரை ஏறத்தாழ 75 மைக்ரோன். எல்பி, அதாவது 33⅓ சுற்றில் ஓடும் பெரிய தட்டுக்குரிய ஊசியோ 18 மைக்ரோன்தான். எல்பி ஊசியை அங்கே வைத்தால் அகன்ற பள்ளத்தின் அடியில் கிடந்து இரைச்சலைத்தான் எடுக்கும்.

அடுத்தது ஊசியின் பாரம் பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசு. ஊசியைத் தாங்கும் காட்றிஜ் ஒவ்வொன்றுக்கும் உரிய பாரம் வேறு: ஓர்ட்டோஃபோன் 2எம் ரெட் 1.8 கிராம் கேட்கும், ஓடியோ-டெக்னிக்கா விஎம்95இ 2 கிராம். பாரம் குறைந்தால் தட்டு தப்பும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் குறைந்த பாரத்தில் ஊசி துள்ளித் துள்ளிச் சுவரை அடிக்கும். சற்றுக் கூடினால் வரும் கேடு அதைவிடக் குறைவு. அளக்கும்போது ஆன்டி-ஸ்கேட்டை, அதாவது ஊசிக் கை உள்ளே இழுபடாமல் தடுக்கும் திருகை, சுழியத்தில் விட்டு, தராசின் தட்டு இசைத்தட்டின் உயரத்துக்கு வருமாறு வையுங்கள். தராசு இரும்பில் செய்ததென்றால் காட்றிஜின் காந்தம் அதை இழுத்துப் பொய்யான எண்ணைக் காட்டும்.

இனிக் கழுவுதல். விலை கூடிய இயந்திரம் தேவையில்லை, தண்ணீரில்தான் விஷயம் இருக்கிறது. எங்களுடைய யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறி வருவது. கேத்தலின் அடியில் படிகிற அதே வெள்ளை, தட்டு காய்ந்ததும் பள்ளத்துக்குள் படிந்து 'கிரிச் கிரிச்' என்று கேட்கும். கார் பற்றரிக்கு ஊற்றும் வடிநீர் வாங்குங்கள். பக்கத்தில் அசிட் போத்தலும் இருக்கும், லேபிளைப் பார்த்து எடுங்கள். ஒரு லீற்றருக்கு வாசனையில்லாத பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று துளி போதும். மென்மையான தூரிகையால் பள்ளத்தின் போக்கிலே வட்டமாகத் தேய்த்து, வெறும் வடிநீரால் அலசி, நிழலில் நிறுத்திக் காயவிடுங்கள். நடு லேபிள் நனையக் கூடாது. மாரியில் பூஞ்சணம் பிடித்த தட்டுகளுக்கும் இதே வழிதான். 78 தட்டுகள் பெரும்பாலும் அரக்கு. அல்ககோல் கலந்த எதையும் அவற்றில் விடாதீர்கள், மேற்பரப்பு கரைந்துவிடும். அன்றாடத் தூசிக்கு ஒரு காபன் இழைத் தூரிகை போதும்.

அதிர்வு தாங்கும் கால்கள், மேடைகள் எல்லாம் பலகைத் தளம் போட்ட வீடுகளுக்கு. சீமெந்து நிலத்தில் நடந்தால் ஊசி துள்ளாது. ஸ்பீக்கரை அதே மேசையில் வைக்காமல் விட்டாலே போதும். தட்டின்மேல் வைக்கும் பாரக் குண்டு, மலிவான பிளேயரின் அச்சைத்தான் தேய்க்கும். விலை கூடிய வயரும் வேண்டாம். 'ம்ம்' என்று இரைந்தால் முதலில் ஏர்த் வயர் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

கனடாவிலிருந்து வந்த பிளேயர் என்றால் ஒரு விஷயம். அங்கே மின்சாரம் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். டிரான்ஸ்போமர் வோல்ற்றைத்தான் குறைக்கும், ஹேர்ட்ஸை மாற்றாது. ஹேர்ட்ஸுக்கு ஏற்ற வேகத்தில் சுற்றும் ஏசி சிங்க்ரனஸ் மோட்டர் உள்ள பெல்ற் பிளேயரில் எல்பி 33⅓ சுற்றுக்குப் பதிலாக 27.8 சுற்றே சுற்றும். ஐந்து கட்டையில் பாடியது மூன்று கட்டைக்கு இறங்கிக் கேட்கும். அதற்கு மோட்டரில் பெல்ற்றைச் சுழற்றும் 50 ஹேர்ட்ஸ் கப்பி, அதாவது விட்டம் ஐந்தில் ஒரு பங்கு கூடியது, கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு மற்றதை வாங்குங்கள். அடப்டரில் ஓடும் டிசி மோட்டர் என்றால் இந்தத் தொல்லை இல்லை, இங்குள்ள மின்சாரத்துக்கு ஏற்ற அடப்டர் போட்டால் சரி. வேகம் பார்க்க ஸ்ட்ரோப் தட்டு, அதாவது வேகம் சரியென்றால் விளக்கொளியில் கோடுகள் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும் தட்டு, வாங்குவோர் 50 ஹேர்ட்ஸுக்கு உரிய 180 கோட்டு வளையம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். 216 கோடு 60 ஹேர்ட்ஸுக்கு. பல எல்இடி விளக்குகளின் கீழ் கோடுகள் நிற்காது, பழைய குண்டு பல்பைப் போட்டுப் பாருங்கள்.