பெல்ட் ஏன் ஒரு பக்கமாக ஓடுகிறது?

வணக்கம் நேயர்களே. கன்வேயர் பெல்ட்டைப் பற்றி வானொலியில் பேச அழைத்திருக்கிறார்கள். காலையில் இதையெல்லாம் யார் கேட்பார்கள் என்று வீட்டில் சிரித்தார்கள். இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனின் கிங் ஷாக்கா விமான நிலையத்தில் பெட்டிக்காகக் காத்து நின்றவர்கள், கடையில் சாமான்களை பெல்ட்டில் வைத்துப் பணம் கட்டியவர்கள், இவர்கள் கேட்டால் போதும் எனக்கு. போதாததற்கு, நேட்டாலில் கரும்பு ஆலையோடு சம்பந்தமே இல்லாத தமிழ்க் குடும்பம் குறைவு.

விஷயம் எளிது. இரண்டு முனையிலும் சுழலும் பெரிய உருளைகளை, அதாவது புல்லிகளைச் சுற்றி ஒரு நீள ரப்பர் வளையம். மேல்பக்கம் சரக்கோடு போகும், அடிப்பக்கம் வெறுமையாகத் திரும்பும். நடுவே தாங்க வரிசையாக ரோலர்கள். தலைவலி என்னவென்றால், பெல்ட் நடுவில் ஓடாமல் ஒரு பக்கமாக விலகும். ஓரம் இரும்பில் உரசிக் கிழியும், சரக்கு கீழே கொட்டும். உடனே ஒருவர் ஸ்பேனரோடு ஓடி, கடைசிப் புல்லியைத் திருகுவார்.

நான் வேலை பழகிய ஆலையில் ஒரு பெரியவர் இருந்தார். ஸ்பேனரைத் தொட விடமாட்டார். கரும்புச் சக்கை போகும் பெல்ட் விலகினால், கம்பித் தடுப்புக்கு வெளியே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். மேனேஜர் வந்து கத்துவார், இவர் அசையமாட்டார். "தம்பி, விலகுவது இடமா, துண்டா? அதைச் சொல்லு முதலில்" என்பார். பெல்ட்டின் எந்தப் பகுதி வந்தாலும் ஒரே இடத்தில் விலகினால், கோளாறு அந்த இடத்தில்: ரோலர் கோணலாக இருக்கும், அல்லது அதில் அழுக்கு அப்பியிருக்கும். அப்படியில்லாமல், பெல்ட்டின் ஒரே துண்டு போகிற இடமெல்லாம் விலகிக்கொண்டே போனால், கோளாறு பெல்ட்டில். பெரும்பாலும் பெல்ட்டின் இரு முனைகளைச் சேர்த்து ஒட்டுப் போட்ட இடத்தை, ஓரத்துக்குச் செங்குத்தாக வெட்டியிருக்க மாட்டார்கள். அதற்கு நாள் முழுக்கப் புல்லியைத் திருகினாலும் பயனில்லை. அன்றைக்கும் ஒட்டுதான். ஆலையை நிறுத்தி, வெட்டி, மறுபடி ஒட்டினோம்.

இடம்தான் கோளாறு என்றால்? ரோலரின் எந்த முனையை பெல்ட் முதலில் தொடுகிறதோ, அந்தப் பக்கம்தான் அது நகரும். ஆகவே விலகும் இடத்துக்குச் சற்று முன்னால் இருக்கும் ரோலர்களைக் கொஞ்சமாகத் திருத்தி, பல சுற்று ஓடவிட்டுப் பாருங்கள். மறுபடியும் சொல்கிறேன்: இடமா, துண்டா?

சரி, இப்போது உயிர் விஷயம். பெல்ட் விநாடிக்கு 2 மீட்டர் ஓடுகிறது என்று வையுங்கள். கை மாட்டியதை மூளை உணர்ந்து கையை இழுக்க அரை விநாடி. அதற்குள் 1 மீட்டர் போய்விட்டது. கையுறை போட்டிருக்கிறேன் என்பார்கள். ஐயா, முதலில் மாட்டுவதே அந்தக் கையுறைதான்! ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, கன்ட்ரோல் ரூமிலிருந்து யாரோ போட்டுவிடலாம். மின்சாரத்தைத் துண்டித்து உங்கள் பூட்டைப் போடுங்கள், சாவி உங்கள் பையில் இருக்கட்டும். ஓரமாகக் கட்டியிருக்கும் அவசரக் கயிறு பெல்ட்டை நிறுத்தும், ஆனால் அது பூட்டு ஆகாது. இன்னொன்று, ஏற்றத்தில் சரக்கோடு நிற்கும் பெல்ட் மின்சாரம் இல்லாமலே பின்னால் உருளக்கூடும்.

ஓடும் பெல்ட்டுக்கு அடியில் மண்வெட்டியோடு போனவருக்கு அடிபட்டால் 'கவனக்குறைவு' என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் எதற்காக அங்கே போனார்? கொட்டியதை அள்ள. ஏன் கொட்டியது? மேலிருந்து சரக்கு நடுவில் விழவில்லை, சரக்கு சிதறாமல் பக்கத்தில் தடுக்கும் ரப்பர் தேய்ந்துவிட்டது, ஒட்டியதை வழிக்கும் ஸ்கிரேப்பர் மொண்ணையாகிவிட்டது. ஜனவரியில் ஆலை நின்று, தைப்பூசக் காவடிக்கு எல்லோரும் தயாராகும் நாட்களில் இந்த மூன்றையும் சரிசெய்திருந்தால், அந்த மண்வெட்டிக்கே வேலையில்லை.

அப்புறம், வழுக்குகிறது என்று பெல்ட்டை இழுத்து இழுத்து முறுக்காதீர்கள், புல்லியின் தண்டைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங் போய்விடும். பேரிங் சத்தத்தைப் பற்றிப் பேச நிறைய வைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், அதனால் ஒன்றே ஒன்று. 2008 பிப்ரவரி 7 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு சர்க்கரை ஆலை வெடித்து 14 பேர் இறந்தார்கள். சர்க்கரை சுத்தமாக இருக்கட்டும் என்று பெல்ட்டை மூடி வைத்திருந்தார்கள். உள்ளே எளிதில் தீப்பற்றும் சர்க்கரைத் தூசி சேர்ந்தது, வெளியே இழுக்க வழியில்லை. சூடேறிய ஒரு பேரிங்தான் பற்றவைத்திருக்கும் என்பது விசாரணையின் கணிப்பு. உங்கள் ஆலையில் மூடிய பெல்ட் இருந்தால், தூசியை உறிஞ்ச ஏற்பாடு இருக்கிறதா என்று நாளைக்கே கேளுங்கள். செய்தி நேரம் வந்துவிட்டது, வணக்கம்.