பிரித்துவைப்பது வண்டியே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ரசிகப் பெருமக்களே, வணக்கம்.

'பைக் ஓட்டுகிறவர்களைச் சாலை சேர்த்துவைக்கிறதா, வண்டி பிரித்துவைக்கிறதா?' இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், சாலைதான் சேர்த்துவைக்கிறது என்று உருகி உருகிப் பேசினார். இரண்டு சக்கரத்தில் போகிற எல்லாரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாம். முகம் தெரியாவிட்டாலும் எதிரில் வருகிறவனுக்குக் கை காட்டுவார்களாம். நடுவழியில் ஒரு வண்டி நின்றுவிட்டால் ஓடி வருவார்களாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நானே கைதட்டிவிட்டேன் ஐயா; என் அணித் தலைவர் திரும்பி முறைத்த பிறகுதான் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது.

சரி, அந்தக் கை காட்டலையே எடுத்துக்கொள்வோம். சாலையின் வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில், எதிரே வருகிற பைக்குக்கு இடது கையைத் தாழ்த்தி இரண்டு விரலை நீட்டுவார்கள். இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில் எதிரே வருகிறவன் நமக்கு வலப்புறம் வருவான். வலது கையோ ஆக்ஸிலேட்டரில் மாட்டிக்கொண்டிருக்கும். அதனால் ஒரு தலையாட்டலோடு சரி. இதுவரைக்கும் தகராறு இல்லை.

இப்போது வண்டியைக் கவனியுங்கள். குரூசர் என்கிற, நிதானமாக ஓட்டுவதற்கான பெரிய வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். குரூசர்காரர் சாய்ந்து, காலை முன்னால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார். உடம்பின் பாரம் முழுக்க சீட்டில். கை சும்மா இருக்கிறது. ராஜா மாதிரி எடுத்து வீசலாம். ஸ்போர்ட்ஸ் பைக்காரனுக்கு ஹேண்டில்பார் தாழ்வு, நெஞ்சு டேங்க்கின் மேல், பாரத்தில் ஒரு பகுதி மணிக்கட்டில். வளைவில் அவன் கையை எடுத்தால் சாலையை விட்டே விடைபெற வேண்டியதுதான். அதனால் கிளட்சிலிருந்து இரண்டு விரலை மட்டும் லேசாகத் தூக்குகிறான். அது எதிரே வருகிற குரூசர்காரருக்குத் தெரிவதில்லை. 'பார்த்தாயா திமிரை! நான் கை காட்டுகிறேன், கண்டுகொள்ளாமல் போகிறான்!' பிரான்சில் வழிவிட்டவருக்கு நன்றி சொல்ல வலது காலை நீட்டிக் காட்டும் வழக்கம் உண்டு. விஷயம் தெரியாதவனுக்குக் காலை நீட்டிப் பாருங்கள், எந்தச் சாலை உங்களைச் சேர்த்துவைக்கிறது என்று பார்ப்போம். இருவர் மனத்திலும் கெட்ட எண்ணம் இல்லை, நடுவர் அவர்களே. உட்கார வைத்த வண்டிதான் மனத்தாங்கலை உண்டாக்கியது.

ஓடும்போதாவது ஒரு நொடியில் கடந்துபோய்விடுகிறார்கள். வண்டியை நிறுத்துகிற இடத்துக்கு வாருங்கள், அங்கேதான் வேடிக்கை.

ஒரு ஸ்போர்ட்ஸ் பைக் வந்து நிற்கிறது. ஏற்கெனவே அங்கே நிற்கிற ஸ்போர்ட்ஸ் பைக்காரன் வந்தவன் முகத்தைப் பார்க்கமாட்டான். பின்பக்க டயரின் ஓரத்தைத்தான் பார்ப்பான். வளைவில் வண்டியை எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவுக்கு டயரின் ஓரம் தேயும். சாய்க்கப் பயந்தால் ஓரத்தில் ஒரு பட்டை தேயாமல், புதுக் கருப்பு மாறாமல் அப்படியே நிற்கும். 'சிக்கன் ஸ்ட்ரிப்', அதாவது 'கோழைப் பட்டை' என்று அதற்குப் பெயர் வைத்து, ஒரு விரல் அகலமா, இரண்டு விரல் அகலமா என்று கண்ணாலேயே அளந்து, மனிதனுக்கு மார்க் போட்டுவிடுகிறார்கள். அந்த அவமானத்துக்குப் பயந்து உப்புத்தாள் வைத்துத் தேய்த்துக்கொள்கிறவர்கள் உண்டு என்று ஒரு கேலியும் ஓடிக்கொண்டிருக்கிறது. காடு மேடெல்லாம் ஓட்டுவதற்கென்றே செய்த அட்வெஞ்சர் பைக் வந்து நின்றால் பார்வை இருபுறமும் தொங்குகிற அலுமினியப் பெட்டிக்குப் போகும். கீறல் இல்லையா? சேறு இல்லையா? 'இது கடைக்குப் போய்வருகிற வண்டி' என்று தீர்ப்பு. பளபளவென்று குரூசர் வந்தால், 'ஓட்டுகிற நேரத்தைவிடத் துடைக்கிற நேரம் அதிகம்' என்று ஒரு சிரிப்பு. அந்த ஓரமாக ஒரு ஸ்கூட்டர் வந்து நிற்கிறதே, அதை? பார்க்கவே மாட்டார்கள். கேலிக்குக்கூட ஒரு தகுதி வேண்டியிருக்கிறது ஐயா.

'கூட்டமாகச் சேர்ந்து ஓட்டுகிறார்களே, அது ஒற்றுமை இல்லையா?' என்றார் எதிரணித் தலைவர். ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கலாம். குழுவாகப் போகும்போது ஒருவர் தடத்தின் இடப்புறம், அடுத்தவர் வலப்புறம் என்று மாற்றி மாற்றிப் போக வேண்டும். குறுக்கே முன்னால் போகிறவருக்கு ஒரு நொடி இடைவெளி, நேர் முன்னால் போகிறவருக்கு இரண்டு நொடி. நல்ல விதிதான். ஆனால் மலைப்பாதை வளைவு வந்தால்? பல குரூசர்கள் 30 டிகிரி சாய்வதற்குள் கால் வைக்கும் ஃபுட்போர்டு தரையில் உரசி நெருப்புப்பொறி பறக்கும். ஸ்போர்ட்ஸ் பைக் அதைத் தாண்டியும் சாயும், மோட்டோ ஜி.பி. என்கிற உலக பைக் பந்தயத்தில் 60 டிகிரியைக் கடந்துவிட்டார்கள். முன்னால் குரூசர் நிதானமாகத் திரும்புகிறது. பின்னால் இருப்பவன் பல்லைக் கடிக்கிறான். நேர்ச்சாலை வந்ததும் விர்ரென்று தாண்டிப் போகிறான். 'சாகப் போகிறான்' என்கிறார் இவர். 'தூங்கிக்கொண்டே ஓட்டுகிறார்' என்கிறான் அவன். அவரவர் வண்டிக்கு அவரவர் சொல்வது சரிதான், அதுதான் சிக்கலே.

பெட்ரோல் விஷயமும் இப்படித்தான். ஹார்லி டேவிட்சனின் ஃபார்ட்டி-எய்ட் வண்டியில் டேங்க் 8 லிட்டருக்கு ஒரு சொட்டு குறைவு. பி.எம்.டபிள்யூ ஆர் 1250 ஜி.எஸ். அட்வெஞ்சரில் 30 லிட்டர். ஒருவர் இறங்கிப் பங்க் தேடும்போது மற்றவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் மணியைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரே குழு, ஒரே பாதை. மூன்றாவது பங்க்குக்குள் இரண்டு குழு!

வரலாறு என்ன சொல்கிறது? 1964 ஈஸ்டர் விடுமுறையில் இங்கிலாந்தின் கிளாக்டன் கடற்கரையிலும், அடுத்து மே மாதம் பிரைட்டனிலும் மார்கேட்டிலும் இரண்டு கூட்டம் மோதிக்கொண்டது. மாட்ஸ் என்பவர்கள் வெஸ்பா, லாம்ப்ரெட்டா ஸ்கூட்டர்காரர்கள்; நல்ல தையலில் சூட் போட்டவர்கள். ராக்கர்ஸ் என்பவர்கள் டிரையம்ஃப், நார்ட்டன், பி.எஸ்.ஏ. ஓட்டிய தோல் ஜாக்கெட்காரர்கள். 'பத்திரிகைகள் ஊதிப் பெரிதாக்கியவை அவை' என்று எதிரணி எழுந்து சொல்லும், தெரியும். சமூகவியலாளர் ஸ்டான்லி கோஹன் 1972-இல் அதை விரிவாகவே எழுதினார். ஒத்துக்கொள்கிறேன், அடிதடியைப் பெரிதாக்கியிருக்கலாம். ஆனால் இரண்டு கூட்டத்தையும் தனித்தனியாக அடையாளம் காட்டியது எது? ஆடையும் பாட்டும் பாதி. கீழே நின்ற வண்டி மீதி.

கம்பெனிகளுக்கு இந்தப் பிரிவு தெரியாதா? நன்றாகவே தெரியும். 1960-களின் தொடக்கத்தில் ஹோண்டா அமெரிக்காவில் ஒரு விளம்பரம் செய்தது. ஹோண்டா ஓட்டுகிறவர்கள் மிக நல்ல மனிதர்கள் என்பது அதன் சாரம். அப்படியென்றால் மற்ற வண்டி ஓட்டுகிறவர்கள் யார் என்று சொல்லாமலே சொன்னது. ஹார்லி டேவிட்சன் 1983-இல் தன் வண்டி வைத்திருப்பவர்களுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கியது. நான் குறை சொல்லவில்லை, வியாபாரம் அப்படித்தான். ஆனால் சாலை சேர்த்துவைக்கிறது என்றால், 'சாலையில் போகிறவர்கள் சங்கம்' என்று ஒன்றைத் தொடங்க எந்தக் கம்பெனிக்கும் தோன்றவில்லையே, ஏன்?

அந்த ஹோண்டாவின் சூப்பர் கப் என்ற சின்ன வண்டி 1958-இல் வந்தது. 2017-இல் உற்பத்தி 10 கோடியைத் தொட்டது. உலகத்தில் வேறெந்த மோட்டார் வண்டியும் இத்தனை தயாராகவில்லை. எண்ணிக்கையில் உறவு என்றால் அந்த 10 கோடியும்தான் பெரிய குடும்பம். எந்தப் பெரிய பைக்காரர் அதற்குத் தலையாட்டுகிறார்? ஜாக்கெட் போடாமல், பின்னால் சுமையைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிற மனிதர் அவர் கண்ணுக்கு 'ஓட்டி'யாகவே தெரிவதில்லை.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய அம்மையார் கொஞ்சம் கனமான வாதம் வைத்தார். ஆபத்து எல்லாருக்கும் ஒன்று, அது சேர்த்துவைக்கும் என்றார். 1981-இல் அமெரிக்காவில் வெளியான ஹர்ட் அறிக்கையையும் சொன்னார். லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 பைக் விபத்துகளை நேரில் ஆராய்ந்ததில், சுமார் முக்கால் பங்கு வேறொரு வாகனத்தோடு மோதியவை. அந்த வாகனம் பெரும்பாலும் கார். உண்மைதான் அம்மா. குறுக்கே திரும்புகிற கார் இது குரூசரா, ஸ்கூட்டரா என்று கேட்டு மோதுவதில்லை. ஆனால் நான் கேட்பது மோதிய பிறகு நடப்பதை. ஸ்போர்ட்ஸ் பைக்காரன் விழுந்தான் என்ற செய்தி வந்ததும் குரூசர் கூட்டத்தில் வருகிற முதல் வார்த்தை என்ன? 'அவனுங்க ஓட்டுற ஓட்டத்துக்கு…' குரூசர்காரர் விழுந்தால் அந்தப் பக்கம்: 'டீ ஷர்ட்டோட ஓட்டினா இப்படித்தான்.' ஸ்கூட்டர்காரர் விழுந்தால்: 'அதுக்கெல்லாம் ஓட்டவே தெரியாது.' கார்காரர் செய்த தப்பு காணாமல் போய்விட்டது, கவனித்தீர்களா? தனக்கு அது நடக்காது என்று நம்ப ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது அடுத்தவன் வண்டி.

'சைலன்சர் சத்தம் உயிர் காக்கும்' என்று ஒரு கட்சி. அந்தச் சத்தத்தால்தான் ஊரே நம்மை வெறுக்கிறது என்று இன்னொரு கட்சி. இவர்கள் இருவரும் சேர்ந்தது ஒரே ஒரு முறை: சத்தமே இல்லாமல் மின்சார பைக் வந்தபோது, 'இதெல்லாம் ஒரு வண்டியா?' என்று.

நடுவர் மணியின் மேல் கை வைத்துவிட்டார், முடித்துக்கொள்கிறேன். நடுவழியில் வண்டி நின்றால் உதவுகிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. விழுந்தவனைத் தூக்க ஓடிவருகிறவர்களில் லாரி ஓட்டுநரும் இருக்கிறார், நடந்து போகிறவரும் இருக்கிறார். அது மனிதகுணம், அதைச் சாலையின் கணக்கில் எழுத வேண்டாம். எனக்கு அடுத்து வருகிற எதிரணிப் பேச்சாளர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும். பெரிய பைக்கும் வைத்திருக்கிறார், சின்ன ஸ்கூட்டரும் வைத்திருக்கிறார் ஒருவர். ஞாயிற்றுக்கிழமை பைக்கில் போகும்போது எதிரே வருகிற பைக்காரர்கள் வரிசையாகத் தலையாட்டுகிறார்கள். திங்கட்கிழமை அதே சாலை, அதே ஆள், அதே ஹெல்மெட். ஸ்கூட்டரில் போகிறார், எதிரே நேற்றுத் தலையாட்டிய அதே மனிதர் வருகிறார். இவர் தலையாட்டுகிறார். அவர் நேராகப் பார்த்துக்கொண்டே போய்விடுகிறார். மாறியது என்ன, சாலையா?

நன்றி, வணக்கம்.