பத்துத் தூண் யாருடையது?

நடுவர் அவர்களே, வணக்கம். திருமலை நாயக்கர் மகாலின் மிச்சமாக நிற்கிற பத்துக் கல்தூண்கள், நம் மதுரைப் பத்துத் தூண், அதன் பெருமை கட்டிய மன்னருக்கா, சுற்றி வாழ்ந்த நெசவாளருக்கா என்று தலைப்பு கொடுத்திருக்கிறீர்கள். எதிரணித் தலைவர் திருமலை நாயக்கருக்காக அருமையாகப் பேசினார். 1636-இல் மகாலை எழுப்பியவர் அவர், பட்டு நெய்யும் சௌராஷ்டிர மக்களை மகாலைச் சுற்றிக் குடிவைத்தவர்களும் நாயக்கர்களே, அப்புறம் நெசவாளருக்கு எங்கிருந்து வந்தது பெருமை என்று கேட்டார். கட்டியவர் அவர்தான், நான் மறுக்கவே இல்லை.

ஆனால் மகாலைப் பிரித்தவர் யார் என்பதை அவர் சொல்லவில்லை. எதிரிப்படை இல்லை ஐயா, திருமலை நாயக்கரின் சொந்தப் பேரன் சொக்கநாத நாயக்கர். தலைநகரைத் திருச்சிக்குக் கொண்டுபோனபோது இங்கிருந்ததைப் பெயர்த்து எடுத்துப் போனார். நாம் இன்று டிக்கெட் வாங்கிப் பார்க்கிற மகால், பழைய அரண்மனையில் நாலில் ஒரு பங்குதான் என்கிறார்கள். அதுவும் 1866-க்குப் பிறகு சென்னை ஆளுநர் நேப்பியர் பிரபு காலத்தில் பழுது பார்த்ததால் நின்றது. பத்துத் தூணுக்கு அப்போது அந்தக் கவனிப்புகூடக் கிடைக்கவில்லை. அரண்மனையின் ஒரு பகுதியான ரங்கவிலாசத்தின் மிச்சம் என்று சிலரும், யானை கட்டிய இடம் என்று பாட்டிமாரும் சொல்கிற அந்தத் தூண்கள், தாங்குவதற்கு ஒரு கூரைகூட இல்லாமல் வீடுகளுக்கு நடுவே ஒரு சந்தில் நின்றன. மன்னர் குடும்பம் போய்விட்டது. தறி போட்டவர்கள் போகவில்லை.

எங்கள் வீடு அந்தப் பக்கம்தான். என் பாட்டி சுங்குடிக்கு, அதாவது முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றுகிற புள்ளிச் சேலைக்கு, முடிச்சுப் போடுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். வெள்ளைத் துணியை மடியில் போட்டுக்கொண்டு, நக நுனியால் மிளகு அளவுக்குத் துணியைக் கிள்ளித் தூக்கி, நூலை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி ஒரு இழு, முடிச்சு விழுந்துவிடும், அடுத்ததற்குக் கை போய்விடும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. சாயத்தில் முக்கி, காயவைத்து, துணியின் இரண்டு ஓரத்தையும் இரண்டு பேர் பிடித்துச் சடாரென்று இழுத்தால் முடிச்செல்லாம் படபடவென்று தெறிக்கும், ஒவ்வொன்றும் இருந்த இடத்தில் சாயம் ஏறாத ஒரு பொட்டு, நடுவில் மட்டும் துளி நிறம். அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் பிள்ளைகள் நாங்கள் ஓடுவோம். 2005-இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்று அந்தச் சந்துக் கடைகளில் தொங்குவதில் பெரும்பாலானவை மெழுகு அச்சும் ஸ்கிரீன் பிரிண்டும்தான் என்பதும் எனக்குத் தெரியும், சொல்லும்போதே மனசு வலிக்கிறது.

பாட்டி முடிச்சுப் போடும்போது வாய் சும்மா இருக்காது, பாடிக்கொண்டே இருப்பார். நடனகோபால நாயகி சுவாமிகளின் பாட்டு. 1843-இல் இதே மதுரையில் பிறந்தவர் சுவாமிகள். சௌராஷ்டிர மொழியிலும் தமிழிலும் கண்ணனைப் பாடினார், தன்னை நாயகியாக வைத்துப் பாடினார், காலில் சதங்கை கட்டித் தெருவில் ஆடினார். மேடைக் கச்சேரிக்கென்று பாடியதில்லை அவை, தறிக்கான நீள நூலை, பாவை, நீட்டுகிற தெருவில் பாடியவை. மார்கழி விடியலில் ஜால்ராவும் ஆர்மோனியமுமாகப் பஜனை கோஷ்டி வரும்போது அதைக் கேட்டால் உங்களுக்கே புரியும்.

தாளமே தறியிலிருந்து பிறந்தது என்று நான் அளக்கப் போவதில்லை. ஆனால் தறிக்குழியில் கால் இறங்கிவிட்டால், மிதி, நாடா, பலகை என்று நாள் முழுக்க ஒரே அடிதான். அந்த வேலைக்குக் கையும் காலும் போதும், வாயும் மனசும் காலியாக இருக்கும். பாட்டு அங்கே வந்து உட்கார்ந்துகொண்டது.

எதிரணியில் ஒரு தம்பி, "பஜனை வேறு, சங்கீத வரலாறு வேறு" என்றார். தம்பி, வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் பெயரைக் கேள்விப்பட்டதுண்டா? 1781-இல் பிறந்தவர், இதே சௌராஷ்டிர நெசவுச் சமூகம். அய்யம்பேட்டையிலிருந்து திருவையாற்றுக்குப் போய்த் தியாகராஜரிடம் ஆண்டுக்கணக்கில் பாடம் கேட்டார். குருவின் மகள் திருமணத்துக்கு ராமர் படத்தைச் சுமந்துகொண்டு நடந்தே போனார் என்றும், அதைப் பார்த்த தியாகராஜர் "என்னைக் காக்க நடந்தே வந்தாயோ" என்று மோகனத்தில் பாடினார் என்றும் வழிவழியாகச் சொல்கிறார்கள். அவரும் அவர் மகன் கிருஷ்ணசாமி பாகவதரும் தியாகராஜரின் கீர்த்தனைகளையும் வாழ்க்கையையும் எழுதி வைத்தார்கள். அந்த வாலாஜாபேட்டைச் சுவடிகள் கடைசியில் எங்கே வந்து சேர்ந்தன தெரியுமா? மதுரைக்கு, சௌராஷ்டிர சபைக்கு! எந்த அரண்மனை நூலகமும் அவற்றைத் தேடிப்போய் வாங்கவில்லை, நெய்கிறவர்களின் சபை வைத்துக் காத்தது. தியாகராஜரை ஆராய்கிற எவரும் அந்தச் சுவடிகளைத் தாண்டிப் போக முடியாது.

அப்புறம் டி.எம்.சௌந்தரராஜன். இந்த மதுரைச் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பிள்ளை, காரைக்குடி ராஜாமணி ஐயங்காரிடம் சங்கீதம் கற்றவர், 1946-இல் சினிமாவுக்குப் பாடத் தொடங்கியவர். அந்தக் குரலைப் பற்றி இந்த அரங்கத்தில் நான் சொல்லவும் வேண்டுமா?

நடுவர் அவர்களே, நான் மன்னரைக் குறைத்துப் பேசவில்லை. அவர் கல்லை நட்டார். அதற்குப் பிறகு முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கல்லின் காலடியில் சாயம் காய்ச்சி, பாவு நீட்டி, பாட்டுப் பாடிக் குடியிருந்தது யார் என்பதுதான் என் வழக்கு. சாட்சி வேண்டுமானால் வெளியே தூரம் போக வேண்டாம், இந்த அரங்கத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிற அக்காவைக் கேளுங்கள், பத்துத் தூணுக்கு எதற்குப் போவீர்கள் என்று. "சேலை எடுக்க" என்றுதான் சொல்வார். நன்றி, வணக்கம்.